குலுக்கலைத் திருத்தியவள்

என் தங்கை ஜெனியைப் பற்றி இலஞ்சியிலும் குற்றாலத்திலும் பேசப்படுவதில் பாதி பொய். மீதி, விஷயம் தெரியாதவர்கள் தெரிந்த மாதிரிச் சொல்வது. கம்ப்யூட்டரில் தில்லுமுல்லு செய்து சங்கத்தைக் கெடுத்தவள் என்று ஒரு கூட்டம் சொல்கிறது. நாலு வருடம் எங்கள் வயிற்றில் அடித்தவள் என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது. ஒன்றுக்கொன்று ஆகாத இந்த இரண்டு கூட்டமும் சேர்ந்து வெறுக்கிற ஒருத்தியை நான் வளர்த்திருக்கிறேன். அவள் யார், என்ன செய்தாள் என்பதை முதலிலிருந்து வரிசையாக எழுதிவிடுகிறேன். படித்த பிறகும் அப்படியே பேசுகிறவர்கள் பேசிக்கொள்ளட்டும்.

நாங்கள் இலஞ்சிக்காரர்கள். அப்பா ஏசுதாசன் சுற்றுலா வேன் ஓட்டினார். அம்மா, ஜெனி பிறந்த மறு வருடமே போய்ச் சேர்ந்தாள். அப்பாவும் போனபோது ஜெனி எட்டாம் வகுப்பு. நான் பத்தாம் வகுப்போடு நின்று, தையல் மெஷினில் உட்கார்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் அவளைச் சேர்த்துவிடச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். அப்படிச் சொன்னவர்களின் பிள்ளைகள் எல்லாரும் அப்போது பள்ளிக்கூட வேனில் போய்வந்துகொண்டிருந்தார்கள். நான் அவளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பினேன். கல்யாணமாகி, வீட்டுக்காரர் வெளிநாடு போன பிறகும் அவளை என்னோடேயே வைத்துக்கொண்டேன். கம்ப்யூட்டர் படிப்பு படிக்க வைத்தேன்.

அவள் பழக இனிமையானவள் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வருகிறவர்களை நிமிர்ந்து பார்த்து வாங்க என்று கேட்க மாட்டாள். சின்ன வயதில் பக்கத்து வீட்டில் கேரம் விளையாடும்போது யாராவது நடுவில் விதியை மாற்றினால் சண்டை போட மாட்டாள், எழுந்து வந்துவிடுவாள். மறுபடி கூப்பிட்டாலும் போக மாட்டாள். அந்த வீட்டோடு அவளுக்கு அதோடு முடிந்தது. ஒரு வருடத்துக்குள் எங்கள் தெருவில் அவளுக்கு விளையாட வீடே இல்லாமல் போயிற்று.

சம்பளத்துக்கு அவள் சென்னையில் உள்ள ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். அது போக இன்னொரு வேலை உண்டு. அதற்குச் சம்பளம் கிடையாது. ஊரார் கண்ணை உறுத்துவது அந்த வேலைதான்.

பிண்டில் என்று ஒரு கணினி மொழி இருக்கிறது. பெரிய மென்பொருள் கட்ட அது உதவாது. சின்னச் சின்ன வேலைகளை, இந்தப் பட்டியலை எடு, இதில் உள்ள பெயரைப் பிரி, இதை அச்சிடு என்று வரிவரியாக எழுதிக் கொடுத்தால் கணினி அப்படியே செய்யும். இப்படி எழுதுவதை ஸ்கிரிப்ட் என்கிறார்கள். அந்த மொழிக்கு முதலாளி கிடையாது. பல நாடுகளில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு பேர் அதைப் பழுது பார்த்து வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி என் தங்கை. கல்லூரியில் படிக்கும்போது பிண்டிலில் தமிழ்ப் பெயரை வெட்டினால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் போவதைப் பார்த்துவிட்டு அவர்களுக்கு எழுதினாள். உங்களுக்குத் தெரிந்தால் நீங்களே சரிசெய்து அனுப்புங்கள் என்று பதில் வந்தது. செய்து அனுப்பினாள். அதிலிருந்து அவள் அங்கே ஒரு ஆள்.

"சம்பளம் குடுக்காத வேலைய எதுக்குட்டி பாக்குதா உன் தங்கச்சி?" என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. அவர்கள் வீட்டு ஆண்கள் சம்பளமில்லாமல் தேநீர்க்கடையில் எத்தனை மணிநேரம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அந்த மொழிக்கு அவ்வப்போது புதிய பதிப்பு வரும். புதிதாக என்ன சேர்ந்திருக்கிறது, பழைய பிழைகளில் எவை திருத்தப்பட்டிருக்கின்றன என்று ஒரு குறிப்பும் அதோடு வரும். இந்த வருடம் கோடையில் வந்த பதிப்புக்குப் பொறுப்பு ஜெனியுடையது. குறிப்பின் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லி, எனக்குப் புரிகிறதா என்று கேட்பாள். புரியவில்லை என்றால் திருப்பி எழுதுவாள். முன்பெல்லாம் ஸ்கிரிப்டில் தப்பு இருந்தால் பிழை என்று மட்டும் சொல்லி நின்றுவிடுமாம். இப்போது எந்த வரியில், எந்தச் சொல்லில், என்னவாக இருந்திருக்க வேண்டும் என்று சொல்லும். ரவிக்கை சரியில்லை என்று தூக்கிப் போட்டுவிட்டுப் போகிற வாடிக்கையாளருக்கும், இடது கக்கத்தில் அரை அங்குலம் பிடிக்கிறது என்று சொல்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் என்று நான் சொன்னேன். அதேதான் என்றாள். தேதிகளை நம் நாட்டு முறையில் எழுதலாம், பெரிய கோப்புகளை வேகமாகப் படிக்கலாம் என்றும் வரிகள் இருந்தன. பிழைத்திருத்தங்கள் நீளமாகப் போயின. அவற்றில் ஒன்று இது: குலுக்கல் கட்டளை, பட்டியலில் முன்னால் உள்ளவற்றைப் பெரும்பாலும் முன்னாலேயே வைத்திருந்தது, இது திருத்தப்பட்டது.

எங்கோ வெளிநாட்டில் ஒரு பள்ளி ஆசிரியர், வகுப்பில் யார் பாடம் ஒப்பிப்பது என்பதை பிண்டிலில் குலுக்கி எடுத்திருக்கிறார். வருகைப் பதிவேட்டில் முதலில் இருக்கும் பிள்ளைகளே தினமும் மாட்டிக்கொள்கிறார்கள் என்று எழுதிக் கேட்டிருக்கிறார். ஜெனி பார்த்தாள், உண்மை என்று கண்டாள், திருத்தினாள். தன் பெயரைப் போட்டு வெளியிட்டாள். அவளைப் பொறுத்தவரை அன்றைக்கு அந்த வேலை முடிந்தது.

இனி என் கடையைச் சொல்ல வேண்டும்.

சீசன் மாதங்களில் நான் தையலை நிறுத்திவிட்டு ஐந்தருவிப் பாதையில் குளியல் சாமான் கடை போடுவேன். துண்டு, எண்ணெய், சீயக்காய், ஷாம்பு, மாற்று உடை. பாதையோரம் ஒரு தனியார் தென்னந்தோப்பு உண்டு. வண்டிகளைத் தோப்புக்கு வெளியே நிறுத்திவிட்டு ஆட்கள் தோப்பு வழியாகத்தான் அருவிக்கு நடப்பார்கள். அந்தத் தோப்பை சாரல் சிறுவியாபாரிகள் சங்கம் சீசனுக்கு எடுத்து உறுப்பினர்களுக்கு இடம் பிரித்துக் கொடுக்கும். வாசலை ஒட்டிய இடங்களில் நின்று சாப்பிடக்கூட நேரம் இருக்காது. உள்ளே போகப்போக வியாபாரம் மெலியும். கடைசி இடங்கள் கழிப்பறைப் பக்கம். அங்கே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவர்களிடம்தான் விற்க வேண்டும். அதனால் வாராவாரம் குலுக்கல்.

முன்பு சீட்டுப் போட்டுத்தான் குலுக்கினார்கள். மடித்தவன் அடையாளம் வைத்து மடித்தான் என்று ஒரு சீசனில் கைகலப்பு ஆயிற்று. சங்கத் தலைவர் தளவாய் அண்ணாச்சி என்னிடம் வந்து, "உன் தங்கச்சி கம்ப்யூட்டர்ல ஒண்ணு போட்டுத் தரட்டும், அது பொய் சொல்லாதுல்லா" என்றார். ஜெனி பிண்டிலில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தாள். பெயர்களை அடித்துப் பொத்தானை அமுக்கினால் வரிசை மாறி வரும். முதலில் வருகிற பெயருக்கு முதல் இடம். இது நாலு சீசனுக்கு முன்னால்.

பெயர்களை அடித்தது செயலாளர் இசக்கிதுரை. எங்கள் பக்கம் எதை எழுதினாலும் மரியாதை வரிசையில்தான் எழுதுவார்கள். கோயில் கொடை விழா நோட்டீஸ் ஆகட்டும், கல்யாணப் பத்திரிகை ஆகட்டும், பெரிய ஆள் பெயர் மேலே வர வேண்டும். குலுக்கப்போகிற பட்டியல்தானே, எப்படி இருந்தால் என்ன என்று யாருக்கும் தோன்றவில்லை. தளவாய் அண்ணாச்சி பெயர் முதலில். அடுத்து இசக்கிதுரை. பிறகு பழைய உறுப்பினர்கள். பெண்கள் கடைசியில். நானும், ரம்புட்டான், மங்குஸ்தான் பழங்கள் விற்கிற வள்ளித்தாயும் எல்லாருக்கும் கடைசி. வரிசை எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று ஜெனியும் சொன்னாள். அந்த மொழியின் கையேட்டில் அப்படித்தான் இருந்தது.

நாலு சீசனாகத் தளவாய் அண்ணாச்சிக்கு வாசலை ஒட்டிய இடம்தான். ஒன்றிரண்டு வாரம் மூன்றாவது நான்காவது இடம் வரும், அவ்வளவுதான். "குற்றாலநாதர் எனக்கு எழுதி வச்சிருக்காரு" என்பார். ராசிக்காரர் என்று அவருக்குப் பெயரே வந்துவிட்டது. புதுக்கடை திறக்கிறவர்கள் அவரைக் கூப்பிட்டு முதல் வியாபாரம் செய்யச் சொன்னார்கள். இரண்டு குழந்தைகளுக்கு அவர் பெயர் வைத்தார். நானும் வள்ளித்தாயும் கழிப்பறைப் பக்கம் அடுத்தடுத்து உட்கார்ந்து, எங்கள் தலையெழுத்தைத் திட்டிக்கொண்டு, ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டோம்.

இந்த வருடம் சாரல் தொடங்கியதும் சங்கத்து லேப்டாப்பைத் திறந்தார்கள். பிண்டிலுக்குப் புதிய பதிப்பு இருக்கிறது, மாற்றவா என்று கேட்டது. எது கேட்டாலும் சரி என்று அமுக்குகிற இசக்கிதுரை அமுக்கினார்.

முதல் வாரம் முதல் இடத்துக்கு வந்த பெயர் வள்ளித்தாய். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மூன்றாவது. தளவாய் அண்ணாச்சி கழிப்பறைப் பக்கம். "சாமி சோதிக்காரு" என்று அவரும் சிரித்தார். அடுத்த வாரம் அவருக்கு நடுவில் ஓர் இடம். அதற்கடுத்த வாரம் மறுபடி கடைசி. அப்போது அவர் சிரிக்கவில்லை. மற்றவர்கள்தான் சிரித்தார்கள். "அண்ணாச்சி, ராசி லீவுல போயிருக்கா?" என்று சிப்ஸ் கடைக்காரர் ஒருவர் எல்லார் முன்னாலும் கேட்டார்.

அன்றைக்கே இசக்கிதுரையின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஏ தங்கபுஷ்பம், உன் தங்கச்சிய வெளிய வரச் சொல்லு."

"என்ன விஷயம் அண்ணாச்சி? உள்ள வாங்க."

"உள்ள வந்து விருந்து சாப்பிடவா வந்தேன்? நாலு வருசமா இருந்த ராசி மூணு வாரத்துல எங்கன போச்சுன்னு கேக்க வந்தேன். உனக்கு மூணாவது எடம். உன் கூட்டாளிக்கு மொத எடம். நாங்க என்ன கண்ண மூடிக்கிட்டா இருக்கோம்?"

ஜெனி வந்தாள். அவர் கத்தியதை முழுவதும் கேட்டாள். பிறகு இசக்கிதுரையைப் பார்த்து, "பேரெல்லாம் எந்த வரிசையில அடிச்சிருக்கிய?" என்று மட்டும் கேட்டாள்.

"எந்த வரிசையில அடிப்பாவ? மரியாத வரிசையிலதான்."

"நாலு வருசமாவா?"

"ஆமா. பெறவு? தலைவர் பேரக் கொண்டுபோய் கடைசில போடச் சொல்லுதியா?"

அவள் முகம் அப்போது மாறியதை நான் பார்த்தேன். உள்ளே போய்த் தன் கணினியில் பழைய பதிப்பைப் போட்டு அதே பெயர்களை அதே வரிசையில் அடித்தாள். பொத்தானை அமுக்க அமுக்கத் தளவாய் அண்ணாச்சி பெயர் மேலேயே மிதந்துகொண்டிருந்தது. புதிய பதிப்பில் எங்கெங்கோ போயிற்று. வெளியே வந்து, ஒளிக்காமல், அழகாகவும் சொல்லத் தெரியாமல் சொன்னாள்.

"அண்ணாச்சி, உங்களுக்கு ராசின்னு ஒண்ணு இருந்ததே இல்ல. பழசுல ஒரு தப்பு இருந்துச்சு. மொதல்ல அடிச்ச பேர மேலயே வச்சிருந்துச்சு. அதத்தான் இப்ப திருத்தியிருக்கோம்."

அந்த மனிதர் ஏமாற்றுக்காரர் அல்ல. அதையும் நான் எழுதத்தான் வேண்டும். அவருக்கும் இது தெரியாது. தெரிந்து ஏமாற்றியிருந்தால் அவ்வளவு கோபம் வந்திருக்காது. முகம் கறுத்துப்போய் நின்றார்.

"அப்போ எனக்குக் கெடச்சதெல்லாம் உன் மிசினு போட்ட பிச்சையா?"

"பிச்சை இல்ல அண்ணாச்சி. தப்பு."

"நீ யாருட்டி என் ராசியத் தப்புங்கதுக்கு? கேட்டுக்கோ. ஞாயித்துக்கெழம கூட்டம். வந்து, புதுசுல கோளாறு, தெரியாமப் பண்ணிட்டேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டு, பழசப் போட்டுக் குடுத்துட்டுப் போணும். இல்லன்னா உன் அக்காவுக்கு இந்தத் தோப்புல எடம் கெடையாது. இந்த வருசம் மட்டுமில்ல, எந்த வருசமும்."

பைக் போன பிறகு ஜெனி வாசல்படியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, பழச அவங்களே போட்டுக்கலாம். அது யாரும் தடுக்கிற விஷயமில்ல. ஆனா புதுசு கோளாறுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? என் பேரப் போட்டு, சரியாக்கிட்டோம்னு உலகத்துக்கே எழுதியிருக்கேன்."

சொல்லித் தொலையேன் என்று என் வாய்வரை வந்தது. வருடம் முழுவதும் தைத்தாலும் அந்த மாதங்களின் வியாபாரம்தான் எங்கள் வீட்டை நிமிர்த்துகிறது. ஆனால் அவள் அதற்குள் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தாள்.

"பின்னால இருந்தவங்க எல்லாருக்கும் நாலு வருசம் அநியாயம் நடந்திருக்கு. நான் எழுதுன ஸ்கிரிப்ட்ல நடந்திருக்கு. அத அவங்ககிட்டச் சொல்லணும்."

"சொல்லு. அவங்க நம்ம பக்கம் நிப்பாங்க" என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன். தளவாய் அண்ணாச்சிக்கு வேண்டியவர்கள் ஏழெட்டுப் பேர். பின்வரிசைக்காரர்கள் அதைப்போல இரண்டு மடங்கு. எனக்கு என் இடம் போகாது என்று தைரியம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தோப்பில் தார்ப்பாய்க்குக் கீழே கூட்டம். மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. தளவாய் அண்ணாச்சி ஜெனியை நடுவில் நிற்க வைத்து, சொல்லு என்றார். அவள் கணினியைத் திறக்கவில்லை. அண்ணாச்சியிலிருந்து வள்ளித்தாய் வரை எட்டுப் பேரை மட்டும் பொறுக்கி, பட்டியலில் இருந்த அதே வரிசையில் நிற்கச் சொன்னாள்.

"பழைய குலுக்கல் எப்படின்னா, பின்னால நிக்கவங்க முன்னால நிக்கவங்களோட பூவா தலையா போடணும். ஜெயிச்சா ஒரு எடம் முன்னால வரலாம். அடுத்த ஆளோட மறுபடி போடணும். ஒரு தடவ தோத்தாலும் அங்கனயே நிக்கணும். அவ்வளவுதான், உங்க ஆட்டம் முடிஞ்சது."

"போடு பாப்போம்" என்று யாரோ காசை எடுத்துக் கொடுத்தார். வேடிக்கை பார்க்க எல்லாரும் நெருங்கினார்கள். இசக்கிதுரை அண்ணாச்சியிடம் முதல்முறை சுண்டியதிலேயே தோற்றார். மூன்றாவது ஆள் ஒருமுறை ஜெயித்து அடுத்ததில் நின்றார். இப்படியே ஒவ்வொருவராகப் போய்க் கடைசியாக வள்ளித்தாய் முறை வந்தது. தனக்கு முன்னால் நின்ற பால்கோவாக்காரரோடு சுண்டினாள். தோற்றாள். நின்ற இடத்திலேயே நின்றாள்.

"இவங்க வாசலுக்குப் போகணும்னா ஏழு பேரையும் வரிசையா ஜெயிக்கணும்" என்றாள் ஜெனி. "அண்ணாச்சி சும்மா நின்னா போதும்."

கூட்டத்தில் ஒருவர், "மொத ஆளு காசையே தொடலியேடே" என்றார். அது எல்லாருக்கும் உறைத்தது.

"புதுசு அப்படி இல்ல. மூட்டைக்குள்ள கைய விட்டு ஒவ்வொண்ணா எடுக்க மாதிரி. எல்லாருக்கும் ஒரே வாய்ப்பு. இந்தத் தப்பு எனக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கணும். கையேட்டுல எழுதியிருந்தத சோதிச்சுப் பாக்காம நம்பிட்டேன். மன்னிச்சிருங்க" என்று கைகூப்பினாள்.

நான் வள்ளித்தாயைப் பார்த்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்போ நாலு வருசமா நான் கக்கூஸ் வாசல்ல ஒக்காந்து பழம் அழுக அழுக வித்தது இவ பண்ண வேலையா?"

"வள்ளி, நானும் உன் பக்கத்துலதானே இருந்தேன்?" என்றேன்.

"நீ இருப்பட்டி. அவ உன் தங்கச்சி, பொறுத்துப்பே. எனக்கு என்ன வந்துச்சு? மாப்ளைக்குப் பதில் சொல்ல முடியாம, வீட்டுல நாய்ப்பேச்சு வாங்குனது நான்லா? ஒரு மன்னிப்புல கழுவிட்டுப் போவப் பாக்காளா?"

அவள் தொடங்கியதும் பின்வரிசை முழுவதும் பிடித்துக்கொண்டது. படிச்ச பொண்ணுன்னு நம்புனோமே என்றார் ஒருவர். தெரிஞ்சே பண்ணியிருப்பா, இப்ப மாட்டிக்கிட்டா என்றார் இன்னொருவர். அவர்களுக்காகத்தான் அவள் அங்கே நின்று பேசினாள். அவர்களே அவளைச் சுற்றி நின்று கையை நீட்டி நீட்டித் திட்டினார்கள். தளவாய் அண்ணாச்சியை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க முடியாது. அவர் சும்மா நின்றவர்தானே.

அவர் அந்த நேரத்தைச் சரியாகப் பிடித்தார்.

"கேட்டியளா? தப்புன்னு அவ வாயாலயே ஒத்துக்கிட்டா. பழசும் தப்பு, புதுசும் தப்பு."

"பழசு தப்பு. புதுசு சரி" என்றாள் ஜெனி.

"ஏட்டி, புதுசும் கோளாறுன்னு ஒரு வார்த்த சொல்லு. ரெண்டையும் தூக்கிப் போட்டுட்டுச் சீட்டுக்குப் போயிருவோம். உன் அக்கா கடை இருக்கும். நான் இத்தோட விட்டுருதேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையைக்கூட ஆட்டவில்லை.

"சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. அது பொய்."

கை தூக்கச் சொன்னார்கள். முதலில், பழைய முறையா, சீட்டா, புதியதா என்று. பின்வரிசைக்காரர்கள் அத்தனை பேரும் புதியதற்குத் தூக்கினார்கள். கெட்டிக்காரர்கள். எது தங்களுக்கு நியாயம் என்று அவர்களுக்கு நன்றாகவே விளங்கியிருந்தது. புதியதே நிலைத்தது. அண்ணாச்சிக்கு முகத்தில் ஈயாடவில்லை.

இரண்டாவதாக, தங்கபுஷ்பத்துக்குத் தோப்பில் இடம் வேண்டாம் என்பவர்கள் யார் என்று கேட்டார். முன்வரிசை தூக்கியது. பின்வரிசையும் தூக்கியது. சங்கம் தொடங்கியதிலிருந்து அந்த இரண்டு வரிசையும் ஒன்றாகக் கை தூக்கியதை நான் பார்த்ததில்லை. வள்ளித்தாய் தரையைப் பார்த்துக்கொண்டே தூக்கினாள். எப்படித் தூக்கினாலும் தூக்கிய கை தூக்கிய கைதான்.

துண்டுகளை மடித்து மூட்டை கட்டினேன். நான் எதையும் ஓரம் சேர்த்துத்தான் மடிப்பேன், அவசரத்திலும் அப்படித்தான். அதனால் நேரமாயிற்று. அவ்வளவு நேரமும் ஒருவர்கூட வந்து ஒரு மூட்டையைத் தூக்கிவிடவில்லை. ஜெனிதான் தலையில் வைத்துத் தூக்கி வந்தாள். வீட்டுக்கு வந்ததும், "அக்கா, என்னால உனக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"வாய மூடுட்டி" என்றேன். "அவங்களுக்கு நல்லது பண்ணதுக்கு நீ ஏன் அழுவுத? அவங்க அழட்டும்."

இப்போது அவர்கள் தோப்பில் நடப்பதைக் கேள்விப்படுகிறேன். வாராவாரம் பொத்தானை அமுக்குகிறார்கள். வள்ளித்தாய்க்கு வாசல் இடம் இரண்டாவது முறை வந்ததாம். தளவாய் அண்ணாச்சி முதல் வியாபாரம் செய்து வைக்கப் போவதில்லையாம், கூப்பிட ஆளில்லை. என் தங்கை திருத்திய குலுக்கலில்தான் எல்லாரும் சோறு தின்கிறார்கள். அவள் பெயரைச் சொன்னால் மட்டும் காறித் துப்புகிறார்கள்.

நான் தோப்பு வாசலுக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், ஒரு தோட்டத்துக்காரரிடம் கேட்டு அவர் வேலியோரம் மேசை போட்டிருக்கிறேன். கூரை கிடையாது. சாரல் வலுத்தால் சாமானை மூடிவிட்டு நனைந்துகொண்டு நிற்க வேண்டும். முன்பு விற்றதில் பாதி விற்கிறது. மேசை போட்ட மூன்றாம் நாளே அண்ணாச்சி சாலையைத் தாண்டி வந்தார்.

"சங்கத்துக்கு எதுப்பக் கடை போடுதியா?"

"ரோட்டுக்கு இந்தப் பக்கமும் சங்கத்துக்குச் சொந்தமா அண்ணாச்சி?"

"வாய் கூடிப்போச்சு உனக்கு." ஒரு துண்டை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மழைல நின்னு என்னத்துக்குச் சாவுத? உன் தங்கச்சிய ஒரே ஒரு வார்த்த சொல்லச் சொல்லு. புதுசுலயும் கொஞ்சம் கோளாறு இருக்குன்னு. நாலு பேரு காதுல விழுந்தாப் போதும். மறுநாளே உள்ள எடம் தாரேன்."

"எவ்வளவு கோளாறு அண்ணாச்சி? உங்க பேரு மேல வார அளவுக்கா?"

ஒரு வேன் வந்து நின்று, கேரளத்துக் குடும்பம் ஒன்று இறங்கித் துண்டு கேட்டது. நான் எடுத்துக் கொடுத்தேன். திரும்பிப் பார்த்தபோது அவர் சாலையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

என் இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லையாம். கிடக்கட்டும். ஜெனி அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டாள். சொல்லச் சொல்லி நானும் கேட்க மாட்டேன்.